கிப்சோகேயைப் பார்த்துத்தான் ஓட ஆரம்பித்தேன். அந்த உற்சாகம் ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறது?

வேகநடை கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு கென்ய மாரத்தான் ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே என்றால் உயிர். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் அவர் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்ததை நேரலையில் பார்த்தேன். அதற்கு முன் ஒரு மாரத்தானை முழுதாகப் பார்க்க எனக்குப் பொறுமை இருந்ததே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. முன்னால் போகிற கார் சாலையில் லேசர் கோடு போட்டுக்கொண்டே போகிறது. வேகம் பிடித்துக் கொடுக்கிற ஓட்டக்காரர்கள் அவரைச் சுற்றி வியூகம் அமைத்து ஓடுகிறார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவர்கள் ஆள் மாறுகிறார்கள், இவர் மட்டும் மாறாமல், ஒரு முகச்சுளிப்புகூட இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் எல்லோரும் பின்தங்கி அவரைத் தனியாக முன்னே விட்டபோது, கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினார் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே ஷூ வாங்கினேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். அவருடைய வீடியோ ஒன்றைப் பார்த்தால் உடம்பில் முறுக்கு ஏறிவிடும். மறுநாள் விடியற்காலையில் எழுந்து பேய் மாதிரி ஓடுவேன். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போகும். அப்புறம் ஒரு நாள் மழை, ஒரு நாள் வேலை, ஒரு நாள் கால் கனம் என்று விட்டுப்போகும். ஷூ மூலைக்குப் போய்விடும். சில மாதம் கழித்து அவர் எங்காவது பந்தயம் ஓடுவார், நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். 2022-இல் பெர்லினில் 2:01:09 ஓடித் தன் உலக சாதனையைத் தானே முறியடித்தாரே (வியன்னா நேரம் அதிகாரபூர்வ சாதனையாகக் கணக்கில் வராது), அப்போதும் இப்படித்தான் நடந்தது.

எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பரிசு வாங்க வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. ஏதாவது ஒன்றை எடுத்தால் விடாமல் பிடித்துக்கொள்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று மட்டும் ரொம்ப நாளாக ஆசை. "உனக்கு ஓட்டத்தில் ஆர்வம் கிடையாது, அந்த ஆளைப் பார்ப்பதில்தான் ஆர்வம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு வீரரை ரசிப்பதிலிருந்து நிஜமாகவே விடாமுயற்சி வருமா? உங்களில் யாருக்காவது வந்திருந்தால், எப்படி வந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

மெல்லோட்டம் பதில்

தம்பி, வரும். எனக்கு வந்தது. வந்ததும் உங்கள் ஆளிடமிருந்துதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் சொன்னதெல்லாம் பந்தய நாளில் நடந்தவை. வியன்னா, பெர்லின், நீட்டிய கை, சாதனை. அவர் வழக்கமாக வருடத்துக்கு இரண்டு மாரத்தான் ஓடுவார். அப்படியானால் நீங்கள் ரசித்துக்கொண்டிருப்பது அவருடைய வருடத்தில் நான்கு மணி நேரம், போனால் இன்னும் சில நிமிடம். மிச்ச நாளையும் கொஞ்சம் ரசித்துப் பாருங்கள்.

நான் நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட வந்தவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு என்றால் மர நிழலில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒருத்தி. என்னை இழுத்தது 2015 பெர்லின் மாரத்தான். அதன் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? ஷூவுக்குள்ளே பாதத்துக்கு அடியில் ஒரு மெத்தென்ற தட்டு இருக்குமே, அது பந்தயம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே நழுவி, குதிகால் பக்கமாக வெளியே வந்துவிட்டது. இரண்டு காலிலும். ஒவ்வொரு அடிக்கும் கணுக்காலுக்குப் பின்னால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. நின்று சரிசெய்தால் கூட ஓடுகிறவர்கள் போய்விடுவார்கள். அப்படியே ஓடி 2:04:00-இல் ஜெயித்தார், அதுவரை அவர் ஓடியதிலேயே சிறந்த நேரம். பாதம் கொப்புளம் கட்டி ரத்தம் வந்திருந்தது. பார்த்து முடித்ததும், ஒரு மனிதருக்கு இப்படி அலட்டிக்கொள்ளாமல் ஓடத் தெரிந்தது எப்படி என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

கென்யாவில் நந்தி பகுதியில் வளர்ந்தவர். அப்பா இல்லை. அம்மா பாலர் பள்ளி ஆசிரியை. படிப்பு முடிந்ததும் அக்கம்பக்கத்தில் பால் சேகரித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்றிருக்கிறார். அதே வட்டாரத்துக்காரர் பாட்ரிக் சாங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் என்ற தடை தாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வாங்கியவர். ஒரு நாள் அவரிடம் போய், எனக்கு ஒரு பயிற்சித் திட்டம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார் இவர். அவரும் சொல்லி அனுப்பினார். அதை முடித்துவிட்டு அடுத்தது கேட்க வந்து நின்றார். அதையும் முடித்துவிட்டு மறுபடியும். இத்தனைக்கும் இந்தப் பையனின் பெயர்கூட சாங்குக்கு அப்போது தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, உலகத்தில் எந்தப் பயிற்சியாளரிடம் வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலை வந்த பிறகும் அதே சாங்தான் அவருக்குப் பயிற்சியாளர். எனக்கு இந்தக் கதை வியன்னாவைவிடப் பெரிது. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்க வந்து நிற்பது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது, ஆனால் எத்தனை பேர் இரண்டாவது முறை வருவார்கள்?

2003-இல் பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் 5000 மீட்டரில் அந்தக் காலத்துப் பெரிய ஓட்டக்காரர்களான ஹிஷாம் எல் கெரூஜையும் கெனெனிசா பெக்கேலேயையும் முந்தித் தங்கம் வாங்கினார், 18 வயதில். அதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கடுத்த ஒன்பது வருடத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2008 பெய்ஜிங்கில் வெள்ளி, 2012 லண்டனுக்கு கென்ய அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன், இருபத்தேழு வயதில் வீட்டில் உட்கார்ந்து ஒலிம்பிக் பார்க்க வேண்டிய நிலைமை. அங்கே ஓட்டத்தையே விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஓட்டப்பாதையிலிருந்து சாலைக்கு மாறினார். 2013-இல் ஹாம்பர்க்கில் முதல் மாரத்தான் ஓடி ஜெயித்தார். அதே வருடம் பெர்லினில் வில்சன் கிப்சாங் உலக சாதனை செய்த பந்தயத்தில் இரண்டாமிடம். அதற்குப் பிறகு 2014 முதல் 2019 வரை போட்டியாக ஓடிய பத்து மாரத்தானிலும் அவரை யாராலும் முந்த முடியவில்லை.

நீங்கள் கண் கலங்கிய வியன்னாவுக்கே வருகிறேன். அதற்கு முன் 2017 மே மாதம் இத்தாலியின் மோன்சா கார் பந்தயத் தடத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிற இதே முயற்சியைச் செய்தார். 2:00:25 ஆகிவிட்டது. கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் அரை விநாடியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் மிச்சம். அந்த மிச்சத்தை எடுக்க அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. நடுவில் 2018 பெர்லினில் 2:01:39 என்று உலக சாதனையும் செய்துவிட்டு மறுபடி அங்கேயே வந்து நின்றார்.

சரி, இதெல்லாம் படித்து எனக்கு என்ன ஆனது? அவரிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன். நோட்டு.

அவர் தன்னுடைய பயிற்சியையெல்லாம் கையால் நோட்டில் எழுதி வைக்கிறவர். பல வருடத்து நோட்டுகளைச் சேர்த்தும் வைத்திருக்கிறார். காப்டகாட் என்ற இடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் அவர்களுடைய முகாம் இருக்கிறது. வாரத்தின் பெரும்பகுதி குடும்பத்தை விட்டு அங்கே மற்ற ஓட்டக்காரர்களோடு தங்குகிறார். கழிப்பறை கழுவுவது உட்பட வேலைகளை முறை வைத்துச் செய்கிறார்கள், உலகச் சாம்பியனுக்கும் முறை உண்டு. அந்த உயரமும் முகாமும் எனக்குக் கிடைக்காது, அந்தக் கால்களும் கிடைக்காது. நோட்டு கிடைக்கும்.

என் நோட்டில் நேரம், தூரம் எல்லாம் ஒரு மூலையில்தான் இருக்கும். பெரிதாக எழுதுவது ஓட்டம் எப்படி இருந்தது என்பதை. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "செவ்வாய். எதிர்க்காற்று. மேட்டில் மூச்சு முட்டியது, பாதியில் நடந்தேன். இறக்கத்தில் மறுபடி ஓட்டம். இடது கெண்டைக்கால் இறுக்கம், வீட்டுக்கு வந்த பிறகு விட்டது. நாளைக்கு ஓய்வு." இதில் ஒரு சாதனையும் இல்லை. ஆனால் எழுத ஆரம்பித்த பிறகு ஓட்டம் தொடர்ச்சி உள்ள ஒரு விஷயமாக மாறிவிட்டது. செவ்வாய் எழுதியதற்கு வியாழன் பதில் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் என்ன ஆனது? மேடு என்ன ஆனது? அது தெரிய வேண்டும் என்பதற்காகவே வெளியே போவேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், "மேடு எப்போது வந்தது, எப்போது போனது என்றே கவனிக்கவில்லை, வேறு ஏதோ யோசனை" என்று எழுதிவிட்டு, பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரே மேடு. ஒரு பக்கத்தில் மூச்சு முட்டுகிறது, இன்னொரு பக்கத்தில் அது இருந்ததே ஞாபகம் இல்லை. என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. ஓட்டத்தின் மேல் எனக்கு வெறி பிடித்தது அன்றைக்குத்தான். அதுவரை கிப்சோகே மேல் இருந்த பிரியத்தைக் கடன் வாங்கி ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் தப்பே இல்லை. ஆரம்பத்தில் நமக்கென்று சொந்த ஆர்வம் எங்கிருந்து வரும்? கொஞ்சமாவது கைகூடிய பிறகுதானே ஒரு வேலை மேல் ஆசை வரும்.

அடுத்தது, "பேய் மாதிரி ஓடுவேன்" என்றீர்களே, அதைப் பற்றி. எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான். இரண்டு மூன்று வாரத்தில் கால் கனப்பதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்காதீர்கள். மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். உங்கள் நுரையீரல் சரி என்கிறது, கால் இன்னும் தயாராகவில்லை. தினமும் முழு மூச்சில் ஓடினால் எந்த மன உறுதியாலும் அதைத் தாண்ட முடியாது, உடம்பே நிறுத்திவிடும். நீங்கள் அதை மனசின் குறை என்று எடுத்துக்கொண்டு, மனசுக்கு மறுபடி ஒரு வீடியோ காட்டுகிறீர்கள்.

கிப்சோகே தினமும் அப்படி ஓடுவதில்லை. அவர் ஓடுவதில் பெரும்பகுதி நிதான ஓட்டம். பந்தயத்தில் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடத்துக்குள் ஓடுகிறவர், நிதான ஓட்ட நாளில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். உலகத்தின் மிக வேகமான மாரத்தான் ஓட்டக்காரர்களில் ஒருவருக்கு மெதுவாக ஓடப் பொறுமை இருக்கிறது! அவரைப் பார்த்து ஓட வந்த நாம் அதையும் அல்லவா பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். வார்த்தை வார்த்தையாகத்தான் வருகிறது என்றால் வேகம் அதிகம். மூச்சு வாங்கினால் நடங்கள், அப்புறம் ஓடுங்கள்.

தோற்ற பந்தயங்களையும் பாருங்கள் என்று ஒரு வேண்டுகோள். 2020 அக்டோபரில் லண்டனில் குளிரும் மழையுமாக ஒரு பந்தயம். காது அடைத்துக்கொண்டு எட்டாவது இடம். அத்தோடு முடிந்தது என்று எழுதியவர்கள் நிறைய. பத்து மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் சப்போரோவில் நடந்தது. 30 கிலோமீட்டர் வாக்கில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தவர், இரண்டாவதாக வந்தவரைவிட 80 விநாடி முன்னால் வந்து தங்கம் வாங்கினார். (அதே பந்தயத்தின் கடைசி நூறு மீட்டர்களையும் தேடிப் பாருங்கள். இரண்டாமிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நெதர்லாந்தின் அப்டி நகேயே, பின்னால் வந்த பெல்ஜியத்தின் பஷீர் அப்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, வா வா என்று கை அசைத்துக்கொண்டே ஓடுவார். இருவரும் சேர்ந்து பயிற்சி எடுக்கிறவர்கள். வெள்ளி ஒருவருக்கு, வெண்கலம் மற்றவருக்கு. எனக்கு மனசு சரியில்லாத நாளெல்லாம் அதைப் பார்ப்பேன்.)

உங்கள் நண்பர்கள் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். வேகம் பிடிக்கிறவர்கள் ஆள் மாறுவதையும் கடைசியில் பின்தங்குவதையும் கவனித்து இத்தனை அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டத்தில் ஆர்வம் இல்லாதவர் கண்ணுக்கு அது தெரியாது.

இறகுப்பந்து பதில்

மெல்லோட்டம் அக்கா சொன்ன நோட்டு விஷயம் எனக்கு அப்படியே பொருந்துகிறது. விளையாட்டுதான் வேறு.

நான் பேட்மிண்டன். என் நாயகி ஸ்பெயினின் கரோலினா மரின். பேட்மிண்டன் பெரிதாக இல்லாத நாட்டில் பிறந்து, சிறுவயதில் ஃபிளமெங்கோ நடனம் ஆடிக்கொண்டிருந்த பெண். 14 வயதில் வீட்டை விட்டு மாட்ரிட் போய் பெர்னாண்டோ ரிவாஸிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 2014, 2015, 2018 என்று மூன்று முறை உலகச் சாம்பியன், 2016 ரியோவில் தங்கம். அந்த இறுதிப்போட்டியில் முதல் கேமை 19-21 என்று சிந்துவிடம் விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் எடுத்தார்.

எனக்கு முழங்காலில் ஏசிஎல் (மூட்டைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு நார்) கிழிந்து அறுவை சிகிச்சை ஆனபோது அந்தத் தங்கம் எதற்கும் உதவவில்லை. உதவியது 2019. அந்த ஜனவரியில் இந்தோனேசியாவில் ஒரு இறுதிப்போட்டி நடுவே அவருக்கு வலது முழங்கால் போனது, அதே ஏசிஎல். செப்டம்பரில் திரும்பி வந்து சீனா ஓப்பனை ஜெயித்தார். அந்த நடு மாதங்களில் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். மடித்த துண்டு ஒன்றை முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கி, துண்டை அழுத்திப் பிடித்து விட வேண்டும். மறுபடி அழுத்த வேண்டும். முதல் நாட்களில் மூளை இறுக்கு என்று சொல்கிறது, தசை கேட்பதில்லை. தொடை மெலிந்து இன்னொரு காலுக்குச் சம்பந்தமே இல்லாதது போல ஆகிவிடும். அதில் ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தால் அன்றைக்கு அதுதான் வெற்றி. உலகச் சாம்பியனும் தரையில் உட்கார்ந்து துண்டை அழுத்தியிருப்பார் என்ற நினைப்பில் எனக்கு ஒரு கௌரவம் வந்தது. சலிப்பான வேலை என்ற எண்ணம் போய், இதுவும் விளையாட்டின் ஒரு பகுதி என்று ஆனது.

2021-இல் அவருக்கு இடது முழங்கால் போய் டோக்கியோ ஒலிம்பிக் தவறியது. 2024 பாரிஸ் அரையிறுதியில் முதல் கேமை 21-14 என்று எடுத்து இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மறுபடி வலது முழங்கால். எதிரில் ஆடிய சீனாவின் ஹே பிங்ஜியாவ் வெள்ளிப் பதக்க மேடையில் ஸ்பெயினின் சின்னம் பொறித்த சிறு பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். ஆனால் மறுநாள் கோர்ட்டுக்குப் போகாமல் இருக்கத் தோன்றவில்லை. எனக்கும் அந்த விளையாட்டுக்கும் அதற்குள் நேரடிப் பழக்கம் வந்துவிட்டது.

இருசக்கரம் பதில்

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ஒரே ஆள் மேல் எல்லா எடையையும் ஏற்றாதீர்கள்.

நான் சைக்கிள் ஓட்டுகிறவன். என் தலைமுறையில் நெடுந்தூர சைக்கிளுக்கு வந்த பலரைப் போல நானும் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைப் பார்த்து வந்தவன். 1996-இல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. அதிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதலிடம். ஊக்கமருந்து காரணமாக 2012-இல் அந்த ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன, 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அப்போது என்னோடு ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. மலைப்பாதையில் கியரை இறக்கி, மிதியடியை ஒரே சீராகச் சுற்றி, வளைவு வளைவாக ஏறுகிற அந்த வேலை எனக்கு எப்போதோ பிடித்துப்போயிருந்தது. அதற்கு அவருடைய பட்டம் தேவைப்படவில்லை.

அதனால் என் யோசனை: தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், கண்ணுக்கெட்டிய தூரத்திலும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நான் போகும் பாதையில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பழைய இரும்பு சைக்கிளில் தினமும் அதே மேட்டை ஏறுவார். பேசியதில்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். மழைக்காலத்தில் ஒரு வாரம் அவரைக் காணவில்லை என்றால் எனக்கு மனசு பதறும். நாயகர் என்றால் எனக்கு இப்போது அவரும்தான். நாளைக்கு நான் போகாவிட்டால் அவருக்குத் தெரியும். கிப்சோகேவுக்குத் தெரியாது.

மெல்லோட்டம் பதில்

இருசக்கரம், கடைசி வரி சரியான வரி. கிப்சோகேயும் முகாமில் தனியாக ஓடுவதில்லை, கூட்டமாகத்தான் ஓடுகிறார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வேகநடை எழுதியது

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கால் கனத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. நான் அதை என் குணத்தின் குறையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில் பேச்சுப் பரிசோதனை செய்து பார்த்தேன். பக்கத்தில் ஆள் இல்லாததால் எனக்கு நானே பேசிக்கொண்டு ஓடினேன். வழக்கமான வேகத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. வாக்கியம் வருகிற அளவுக்குக் குறைத்தால் கிட்டத்தட்ட வேகமாக நடப்பவர்களோடு போகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தபோது மூச்சு வாங்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஓடலாம் போல இருந்தது. இப்படி ஒரு நினைப்போடு ஓட்டத்தை முடித்தது எனக்குப் புதுசு.

இரண்டு கேள்வி. போகவே பிடிக்காத நாளில் என்ன செய்வீர்கள்? அப்புறம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 30 கிலோமீட்டரைத் தாண்டி நின்றுவிட்டாரே, நீங்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? எனக்கு அதற்குப் பிறகு அவர் வீடியோ எதையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்தது.

மெல்லோட்டம் பதில்

இன்னும் கொஞ்சம் ஓடலாம் போல இருக்கும்போது நிறுத்தினீர்கள் அல்லவா, அந்த நினைப்புதான் உங்களை நாளை மறுநாள் வெளியே கூட்டிப்போகும். வேகமாக நடப்பவர்களோடு போவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பல வாரம் அப்படியே போங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

பிடிக்காத நாள் எனக்கு நிறைய வரும். ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போவேன். பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பார்ப்பேன். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவேன், நோட்டில் "பத்து நிமிடம், பிடிக்கவில்லை, திரும்பினேன்" என்று எழுதுவேன். அதுவும் ஒரு பக்கம்தான். பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒருமுறை கெண்டைக்கால் தசை நன்றாகவே பிடித்துக்கொண்டு, ஓடவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று, குதிகாலை உயர்த்தி, அதை மெதுவாக, ரொம்ப மெதுவாக, படிக்குக் கீழே இறக்குகிற பயிற்சி மட்டும்தான் தந்தார். அந்த நாட்களிலும் நோட்டு எழுதினேன். "வலது கால் நடுங்கவில்லை. இடது கடைசியில் நடுங்கியது." இறகுப்பந்து சொன்ன துண்டு மாதிரிதான்.

பாரிஸ். நானும் பார்த்தேன். முதுகுவலியோடு கூட்டத்தை விட்டுப் பின்தங்கிக்கொண்டே போனார். நின்ற பிறகு நடந்தார், பக்கத்தில் ரசிகர்கள் சேர்ந்து நடந்தார்கள். ஷூ, சாக்ஸ் என்று அங்கே நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். எத்தியோப்பியாவின் தமிரத் தோலா 2:06:26 என்ற ஒலிம்பிக் சாதனையோடு ஜெயித்தார். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் அவர் சின்னதாகிவிடவில்லை. 39 வயது, மூன்றாவது ஒலிம்பிக் மாரத்தான் தங்கத்துக்கு முயற்சி, அது இதுவரை யாருக்கும் கிடைக்காதது. கிடைக்காத ஒன்றுக்காக அந்த வயதிலும் காப்டகாட்டில் விடியற்காலையில் எழுந்திருக்கிறார். நான் ரசிப்பது அவர் எழுந்ததை. அது பாரிஸில் ஒன்றும் குறையவில்லை. நீங்கள் வீடியோக்களை மறுபடி பாருங்கள், பந்தயத்தைவிட அவர் மண்சாலையில் கூட்டத்தோடு நிதானமாக ஓடுகிற பயிற்சி வீடியோக்களை.

ஒரு எச்சரிக்கை. உடம்பெல்லாம் பொதுவாக வலித்தால் பயப்பட வேண்டாம், அது இறங்கிவிடும். ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தால், அல்லது காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே வலித்தால், அன்றைக்கு ஓடாதீர்கள். தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

நோட்டு வாங்கியாயிற்றா? முதல் சில பக்கங்களை இங்கே போடுங்கள் தம்பி, நேரமும் தூரமும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மேடு ஏதாவது இருந்தால் அதைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள்.